கோர்வைக்கு இரண்டு பக்கம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இப்போது விடியற்காலையில் முதலில் கேட்பது கம்பெனி பஸ்ஸின் ஹாரன். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற பஸ்கள். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக, ஈரத் தலையைப் பின்னிக்கொண்டே ஓடிவரும் பெண்பிள்ளைகள். நான் சிறுவனாக இருந்தபோது அதே நேரத்தில் அதே தெருவை அடைத்துக்கொண்டு, தறியில் ஏற்றப்போகும் நூல் பாவு நீண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் தோய்ந்து முடிக்க வேண்டும் என்று கஞ்சி தெளித்து, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். பாவின் மேல் நிழல்கூடப் படாமல் ஒதுங்கிப் போகும் மரியாதை தெருவுக்கே இருந்தது.

அந்தத் தெருவின் பிள்ளைகள்தான் இன்று உலகத்துக்குக் கைபேசி செய்துதருகிறார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. பட்டன் போன்கள் கோடிக்கணக்கில் அங்கிருந்து போயின. 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டதும், எங்கள் பக்கத்திலிருந்து போய்வந்த பிள்ளைகள் சிலர் மறுபடி தறிக்குழியில் கால் வைத்தார்கள், பலர் வைக்கவில்லை. இப்போது ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்தி அனுப்புகிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் டிவியும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிறது. கையில் இருக்கும் போனும், அந்தப் போன் சொன்னபடி கேட்கும் வீட்டுச் சாமான்களும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே பிறக்கின்றன. பட்டு ஒன்றைத் தவிர வேறு எதற்கும் பெயர் எடுக்காத மாவட்டம் இது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

என் தம்பி மகள் அந்த ஆலைகளில் ஒன்றில் இருக்கிறாள். உள்ளே போகும்போது தன் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எட்டு மணி நேரம் பிறருடைய போன்களைத் தொட்டுவிட்டு வெளியே வந்து தன்னுடையதை எடுத்தால், வீட்டிலிருந்து வந்த நாலு அழைப்பு காத்திருக்கும். அவளுடைய அத்தைகள் அந்த வயதில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., தனக்கென்று ஒரு வங்கிக் கணக்கு என்று இவள் நிமிர்ந்து நடப்பது எனக்கு மகிழ்ச்சி. பழைய காலம் போயிற்றே என்று அழுவதற்காக நான் இதை எழுதவில்லை.

நான் எழுத வந்தது வேறொன்று. சாமான்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், அந்தப் பேச்சு யார் காதுக்குப் போய்ச் சேருகிறது என்பது.

இதைப் பொருள்களின் இணையம் என்கிறார்கள். பெயர் பெரிது, சங்கதி எளிது. ஒரு சாமானுக்குள் சூட்டையோ அசைவையோ மின்சாரத்தையோ உணர்கிற சில்லு ஒன்று இருக்கும். உணர்ந்ததை வெளியே அனுப்ப வை-ஃபை, ப்ளூடூத், சிம் ஏதாவது ஒன்று இருக்கும். அனுப்பியதை வாங்கிவைக்க எங்கோ ஒரு சர்வர் இருக்கும். ஆனால் அந்தச் சாமானுக்குத் திரை கிடையாது, வாய் கிடையாது. அது சொல்வதை மனிதன் பார்ப்பதும், மனிதன் சொல்வதை அது கேட்பதும் பெரும்பாலும் போன் வழியாகத்தான். கைக்கடிகாரம் போன்ற சின்னச் சாமான்கள் இணையத்தை எட்டுவதே பக்கத்தில் இருக்கும் போனைத் தொட்டுத்தான். போன் என்பது அவற்றுக்கு ஆணை கொடுக்கும் கருவி, வெளியுலகத்துக்கு வாசல், அதோடு தானும் அவற்றில் ஒரு சாமான். இந்த மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். அதற்கு அத்தி வரதர் கதையில் வருகிறேன்.

அந்தப் பெயரை வைத்தவர் கெவின் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயர், 1999-ல். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் இருந்தார். நன்றாக விற்கிற ஒரு நிற லிப்ஸ்டிக் மட்டும் கடை அலமாரியில் அடிக்கடி தீர்ந்துபோக, கிடங்கில் சரக்கு இருந்தும் கடையில் இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு டப்பியிலும் ஒரு ரேடியோச் சில்லை வைத்துவிட்டால் சரக்கு தானே தன் இருப்பைச் சொல்லிவிடுமே என்று யோசித்தார். ஆக இந்த யோசனை பிறந்தபோதே கடைக்காரர் பக்கமிருந்துதான் பிறந்தது. சரக்கு எங்கே இருக்கிறது என்று கடைக்குத் தெரிய வேண்டும். அதைச் செய்தவருக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

எழ முடியாத கேள்வியா என்றால், இல்லை. உத்திரமேரூர் பக்கத்தில் என் அக்கா வீட்டுக்காரர் பம்புசெட் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் நடு இரவில் மும்முனை மின்சாரம் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட வேண்டும். பாம்பு, சேறு, மழை எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் மின்சாரம் போயிருக்கும். அக்கா விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். நான் அங்கே தங்கிய இரவுகளில் அவர்கள் இருவரில் ஒருவர்கூட முழுத் தூக்கம் தூங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்தது. அதற்குள் ஒரு சிம். இவர் தன் பட்டன் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டால் மோட்டார் ஓடும். மின்சாரம் வந்தால் அதுவே இவரைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லும். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால், இழுக்கிற மின்சாரம் குறைவதைக் கண்டுகொண்டு தானே நிறுத்திவிட்டுத் தகவல் தரும். "மச்சான், இது பேசுது பாரு" என்று போனை என் காதில் வைத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் இதே போன்ற கருவிக்கு நானோ கணேஷ் என்று பெயரிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2009-ல் அதற்கு நோக்கியாவின் பரிசு கிடைத்தது. ஸ்மார்ட்போன் நம் கிராமங்களுக்குள் வருவதற்கு முன்பே, பேசுகிற சாமான் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பேசுகிற சாமானுக்கு இப்போது தனி எண்ணே உண்டு: 2018 ஜூலை முதல் இந்தியாவில் இயந்திரங்களோடு இயந்திரங்கள் பேசும் புதிய சிம்களுக்குப் 13 இலக்க எண். மனிதர்களுக்குப் பத்து இலக்கம்தான்.

அந்தப் பெட்டியில் நான் மதிப்பது ஒன்று. வரப்பில் நடந்தவர் யாரோ அவருக்கே செய்தி வருகிறது. சிம் அவர் பெயரில் இருக்கிறது. அணைக்கும் உரிமையும் அவரிடம்.

இனி அத்தி வரதர். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறவர். 1979-ல் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. சின்ன காஞ்சிபுரமே தலைகளாக இருந்தது. கூட்டத்தில் ஆயாவின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. அப்போது காணாமல் போனவர்களைத் தேட இருந்த ஒரே கருவி ஒலிபெருக்கி. பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, கட்டியிருக்கும் சேலையின் நிறத்தைச் சொல்வார்கள். அப்பா நெசவாளி, நிறத்தோடு நிற்கவில்லை. "அரக்கு உடம்பு, பச்சைக் கரை, ருத்திராட்சக் கரை" என்று மைக்காரரிடம் சொன்னார். திண்டிவனத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கரையைப் பார்த்து அடையாளம் கண்டு, ஆயாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சேலையே ஆளைக் காட்டிக்கொடுத்த நாள் அது.

2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 48 நாள். முதல் 31 நாள் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். ஒரு கோடிக்கு மேல் ஜனம் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் தங்க வந்த உறவினர்கள் எல்லோர் கையிலும் போன். காலையில் எழுந்ததும் மேப்பைத் திறந்து, காந்தி சாலை சிவப்பாக இருக்கிறதா மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்தச் சிவப்பை அங்கே போய் யாரும் தீட்டவில்லை. நெரிசலில் நிற்கிற ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள போன் தான் இருக்கும் இடத்தையும் நகரும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நூறு போன் ஒரே இடத்தில் ஊர்ந்தால் அந்தத் தெரு சிவக்கிறது. அதாவது பக்தர் கையில் இருந்த போன் அவருக்கு வழிகாட்டியாகவும், கூட்டத்தை அளக்கிற உணரியாகவும் ஒரே நேரத்தில் வேலை பார்த்தது. போனும் ஒரு சாமான் என்று முன்னால் சொன்னது இதைத்தான். அவர் கொடுத்த தகவல், பக்கத்துத் தெருவில் இருந்தவருக்கு உபகாரமாயிற்று. கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் குறை. கோயிலை நெருங்க நெருங்க நெட்வொர்க் திணறியதால், என் சித்தியின் முந்தானையில் எங்கள் எண்ணைச் சீட்டில் எழுதி முடிந்து அனுப்பினோம். அந்தச் சீட்டும் பயன்பட்டது.

பேச்சு சேலைக்கு வந்துவிட்டதால் தறிக்கே போகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் உட்காரும் இடம் அப்பாவின் தறியில் வலப்பக்கம். கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரு கரையையும் உடலையும் அப்பா பார்த்துக்கொள்வார். வலக்கரை நாடாவை நான் விட வேண்டும். அரக்கு ஊடை இந்தப் பக்கம் ஓடிவரும், பச்சை ஊடை அந்தப் பக்கத்திலிருந்து வரும். சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு ஊடைக்கும் இது நடக்க வேண்டும். ஒன்று மாட்டாமல் திரும்பிவிட்டால் உடலும் கரையும் அங்கே விட்டுப்போகும். சேலை நைந்து, கந்தலாகிக் கிழிந்தாலும் கோர்வை விடக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த பழக்கம் ஒழிந்தது நல்லதே. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் இணைப்பு என்று யார் பேசினாலும் என் மனதில் வருவது அந்தக் கோர்வைதான். இரண்டு பக்கத்திலிருந்தும் இழை வந்து மாட்டினால்தான் அது நிற்கும்.

அப்போது தறிக்கு மேலே அட்டைக் கட்டு தொங்கும். ஜக்கார்டு பெட்டி. 1804 வாக்கில் பிரான்சின் லியோன் பட்டு நெசவாளர் ஊரில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி எழும், இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். அன்னமும் யாளியும் மயிலும் அந்த ஓட்டைகளுக்குள்தான் இருந்தன. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு அந்த அட்டை யோசனையையே எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் ஓட்டை அட்டைகளால் எண்ணினார். இன்றைய போனுக்கு மூதாதை தேடினால், வழி ஒரு பட்டுத்தறியின் ஊடாகத்தான் போகிறது.

என் தம்பி மகன், ஆலைக்குப் போகிறவளின் அண்ணன், தறியில் இருக்கிறான். அவனிடம் அட்டைக் கட்டு இல்லை. மின்னணு ஜக்கார்டு. டிசைன் ஆரணியிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறது. பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினால் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு சின்ன மின்காந்தம் வேலை செய்கிறது. முன்பு புது டிசைனுக்கு அட்டை குத்திக் கோத்துக் கட்டி முடிக்க நாள்கணக்கில் ஆகும். இப்போது ஒரு டீ குடிக்கும் நேரம். பெட்டியின் முகப்பில் சின்னத் திரை. ஒவ்வொரு மிதிக்கும் அதில் ஓர் எண் கூடும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும் விட்ட ஊடையிலிருந்து தொடரும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவசம் என்று 2023-ல் அரசு உயர்த்தியதால் மின்சாரச் செலவு ஒரு பொருட்டில்லை.

திரையில் கூடும் அந்த எண்ணில்தான் வந்தது விவகாரம். அவன் யாருக்கு நெய்கிறானோ அந்த முதலாளி, பெட்டிக்குள் ஒரு சின்ன வை-ஃபை சில்லு வைத்துத் தருகிறேன் என்றார். செலவு அவருடையது. இஎஸ்பி8266 என்று 2014-ல் வந்த சில்லு ஒன்று இந்த மாதிரி வேலைகளை மலிவாக்கிவிட்டது. சில நூறு ரூபாயில் எந்தச் சாமானையும் இணையத்தில் ஏற்றலாம். ஏற்றிவிட்டால் இன்று எத்தனை ஊடை ஆயிற்று, எப்போது தறி நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று முதலாளி காந்தி சாலையில் உட்கார்ந்துகொண்டே போனில் பார்த்துக்கொள்ளலாம். அவர் கெட்டவர் அல்லர். முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுத்துவிட்டுச் சேலை வருமா வராதா என்று தவிக்கிற வியாபாரி. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நெசவாளிக்குக் கூலி சேலைக்கு. மணிக்கு அல்ல. தறி நின்ற நேரத்தில் அவன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கலாம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம், முதுகு நிமிர்த்திப் படுத்திருக்கலாம். அதற்குக் காசு கொடுக்காதவருக்கு அதன் கணக்கு எதற்கு? மேல்நாட்டில் பெரிய கிடங்குகளில் கையில் பிடித்த கருவி ஆள் நிற்கும் நேரத்தை எண்ணி மேலிடத்துக்குச் சொல்வதைப் படித்திருக்கிறோம். அந்தப் பழக்கம் குழித்தறி வரை வரக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய இழை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் சேலையை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கை இலையில் நின்றுவிட்டது. "அது என் கோர்வைடா" என்றார் மெதுவாக. நெய்தவனுக்குத் தன் கை தெரியும். போய்ச் சொல்லுங்களேன் என்றேன். ஊரார் வீட்டுப் பெண்ணிடம் போய் என்னவென்று சொல்வது என்று தலையை ஆட்டிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க அந்தச் சேலையைப் பற்றியே பேசினார். எந்த ஐப்பசியில் பாவு ஏற்றியது, சரிகை எப்படி இருந்தது, அந்த அம்மாள் எவ்வளவு பதவிசாக வைத்திருந்தார் என்று. அத்தனை வருட நெசவில், விற்ற பிறகு தன் சேலை ஒன்றைப் பார்த்தது அவருக்கு அந்த ஒருமுறைதான்.

இன்று சேலைக்கு அடையாளங்கள் நிறைய வந்துவிட்டன. அசல் பட்டு என்பதற்கு சில்க் மார்க், 2004 முதல். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு, 2005-06-ல். கைத்தறி என்பதற்குத் தனி முத்திரை, 2006-ல். விசைத்தறித் துணியைக் காஞ்சிப் பட்டு என்று விற்கிற ஏமாற்றுக்கு இவை தேவைதான். கோ-ஆப்டெக்ஸ் சேலையோடு நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையை வைத்தபோது நான் மனதாரக் கும்பிட்டேன். இப்போது க்யூஆர் கட்டமும் சேர்ந்திருக்கிறது. என் தம்பி மகன் நெய்த சேலையிலும் முதலாளி அதைத் தைத்துத்தான் அனுப்புகிறார். வாங்கியவர் போனைக் காட்டினால் நெய்தவன் முகம், ஊர், தறி எல்லாம் தெரியும். சாதுவாக மடித்துக் கிடந்த சேலை, போன் பட்டதும் பேசுகிறது.

பேசுவது வாங்குகிறவர் பக்கம் மட்டும். ஒவ்வொரு முறை அந்தக் கட்டத்தை யாராவது பார்க்கும்போதும் எங்கோ ஒரு சர்வரில் நாளும் நேரமும் ஏறத்தாழ எந்த ஊர் என்பதும் பதிகிறது. முதலாளி விரும்பினால் பார்க்கலாம். நெய்தவனுக்கு மட்டும் ஒன்றும் வராது. அவன் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அவனுக்குத் தன் சேலை செங்கல்பட்டில் இருக்கிறதா சிங்கப்பூரில் இருக்கிறதா என்று தெரியாது. வாங்கியவர் பெயரோ எண்ணோ வேண்டாம். அது அவருடைய அந்தரங்கம். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஊர்ப் பெயர் போதும். ஒரு குறுஞ்செய்திக்குச் சில காசு ஆகும்.

நானும் தம்பி மகனும் இதைப் பல இரவு பேசினோம். முடிவில் அவனே ஒரு வழி சொன்னான். "பெரியப்பா, ஊடை எண்ணிக்கை அவருக்குப் போகட்டும். பொழுது சாய்ஞ்சு ஒரே ஒரு தடவை, மொத்தமா. எப்ப நின்னுது, எவ்வளவு நேரம் நின்னுதுங்கிறது வேணாம். அதுக்குப் பதிலா என் சேலைய எந்த ஊர்ல பார்த்தாங்கன்னு என் போனுக்கு வரணும். இது ரெண்டும் ஒண்ணாத்தான் மாட்டணும், இல்லாட்டி வேணாம்." ஓர் இழைக்கு ஓர் இழை. நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

முதலாளியின் க்யூஆர் வேலையைச் செய்துகொடுக்கிற பையன் ஊர்க்காரன்தான், ரங்கசாமி குளத்துப் பக்கம். கேட்டோம். தினம் ஒருமுறை கூட்டிச் சொல்வதும் செய்தி அனுப்புவதும் அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை, முதலாளி சரி என்றால் செய்துவிடலாம் என்றான். அனுப்ப வேண்டிய வாசகத்தையும் எழுதி வைத்துவிட்டோம். "நீங்கள் நெய்த சேலையை இன்று இந்த ஊரில் ஒருவர் பார்த்தார்." ஊர்ப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. தெரு முழுக்க இருக்கிற மற்ற நெசவாளிகளும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுடைய முதலாளிகள் வேறு, சங்கங்கள் வேறு. முதலில் இது ஒன்று நடக்கட்டும் என்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை அவன் கூலி வாங்கப் போகிறான். நானும் கூடப் போகிறேன்.